பச்சை நோட்டீஸ் ஒட்டிய கட்டடம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு வரைபடம் போட்டவர்கள், தெருக்களுக்கு ஆங்கிலிகன் திருச்சபையின் பேராயங்கள் இருந்த ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அதனால் உலகின் அந்தக் கோடியில் ஒரு மதராஸ் வீதியும் ஒரு கொழும்பு வீதியும் இருக்கின்றன. 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, பகல் 12.51 மணிக்கு நகரத்துக்கு மிக அருகில், அதிக ஆழமில்லாத இடத்தில் நிலம் அதிர்ந்தது. மதராஸ் வீதி 249ஆம் எண்ணில் இருந்த ஆறு தளக் கட்டடம் சில விநாடிகளில் தளத்தின் மேல் தளமாக விழுந்து நொறுங்கியது. பிறகு தீயும் பிடித்தது. லிஃப்ட்டும் படிக்கட்டும் இருந்த கான்கிரீட் சுவர்க்கூடு மட்டும் தனியாக நின்றது.

உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்று அங்கே இருந்ததால் அதற்கு சி.டி.வி. கட்டடம் என்று பெயர். ஒரு மருத்துவ மையமும், வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியும் அதே கட்டடத்தில்தான் இயங்கின. ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் அந்தப் பள்ளியில் படித்தார்கள். நகரம் முழுவதும் அன்று இறந்தவர்கள் 185 பேர். அவர்களில் 115 பேர் இந்த ஒரே கட்டடத்தில் இறந்தார்கள்.

இதற்கு ஐந்தரை மாதம் முன்பு, 2010 செப்டம்பர் 4 அதிகாலையில் அதே நகரத்தை 7.1 அளவு நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. மையம் தள்ளியிருந்தது, ஊரும் உறக்கத்தில் இருந்தது. இடிபாட்டில் சிக்கி யாரும் சாகவில்லை. அடுத்த சில நாட்களில் ஆய்வுக் குழுக்கள் தெருத் தெருவாகப் போய்க் கட்டடங்களைப் பார்த்தன. சி.டி.வி. கட்டடத்தின் வாசலில், உபயோகிக்கலாம் என்று சொல்லும் பச்சை நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

பச்சை ஒட்டியவர்கள் பொய் எழுதவில்லை. நிலநடுக்கத்தால் இந்தக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும்படி பழுதாகியிருக்கிறதா என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. இல்லை என்று பதில் எழுதினார்கள். அந்த வாசலைத் தாண்டித் தினமும் உள்ளே போனவர்கள் மனதில் இருந்ததோ வேறொரு கேள்வி: இந்தக் கட்டடம் அடுத்த அதிர்வைத் தாங்குமா? ஒரு கேள்விக்கு எழுதிய பதிலை மற்றொரு கேள்விக்கான பதிலாக ஒரு நகரமே எடுத்துக்கொண்டது. பேரிடருக்குப் பின் நடக்கும் விரைவு ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இருபது நிமிட ஆய்வு

இந்த முறையை விட்டுவிடவும் முடியாது. பெரிய நிலநடுக்கம் முடிந்த அன்று மாலை லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நிற்பார்கள். குழந்தைகள், முதியவர்கள், மருந்து எடுக்க மறந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். வீட்டுக்குள் போகலாமா என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்களாகவே போவார்கள். ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு நில அதிர்வு வந்தது. அதுதான் பெரியது என்று எண்ணிப் பலர் வீடு திரும்பினார்கள். 16ஆம் தேதி விடிவதற்கு முன் அதைவிடப் பெரியது வந்தது. திரும்பிப் போனவர்களில் சிலர் வீட்டோடு புதைந்தார்கள்.

உள்ளே போகலாமா என்று சொல்வதற்கு ஒரு நடைமுறையை எழுத்தில் வடித்தது கலிஃபோர்னியாவின் அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில். ஏ.டி.சி.-20 என்ற அந்தக் கையேடு 1989இல் வெளியானது. சில வாரங்களிலேயே, அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் வந்து அதற்குச் சோதனை வைத்தது. உபயோகிக்கலாம் என்பதற்குப் பச்சை, சந்தேகம் இருந்தால் மஞ்சள், உள்ளே போகக் கூடாது என்பதற்குச் சிவப்பு என்ற மூன்று நிற நோட்டீஸ் முறை அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. விபத்து வார்டில் நோயாளிகளைத் தரம் பிரிப்பதைப் போன்றதுதான் இது. யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லும்; யாருக்கும் முழு உடல் பரிசோதனை செய்துவிடாது. கையேட்டின்படி விரைவு ஆய்வுக்கு ஒரு கட்டடத்துக்குப் பத்து முதல் முப்பது நிமிடம். சந்தேகம் இருந்தால் சில மணி நேரம் எடுக்கும் விரிவான ஆய்வு. அதிலும் தெளியாவிட்டால் வரைபடம், கணக்கு, சோதனை என்று நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீளும் முழுப் பொறியியல் ஆய்வு.

அந்த இருபது நிமிடத்தில் என்ன பார்க்கிறார்கள்? தெரிந்த ஆய்வாளர் நேராக வாசலுக்குப் போகமாட்டார். முதலில் எதிர்ப்பக்கம் தள்ளி நின்று முழுக் கட்டடத்தையும் பார்ப்பார். பக்கத்துக் கட்டடத்தின் விளிம்போடு ஒப்பிட்டு, சாய்ந்திருக்கிறதா என்று கவனிப்பார். மொத்தமாக நேராக நிற்கும் கட்டடத்தில்கூட ஒரு தளம் மட்டும் விலகியிருக்கலாம். அநேகமாக அது கார் நிறுத்தும் தரைத்தளமாக இருக்கும். அடித்தளத்தை விட்டுக் கட்டடம் நகர்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள நிலம் பிளந்திருக்கிறதா, சரிந்திருக்கிறதா என்று சுற்றி வந்து பார்ப்பார். அதன் பிறகு பார்வை மேலே போகும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேட், தண்ணீர்த் தொட்டி, விளம்பரப் பலகை என எது எப்போது விழும் என்று சொல்ல முடியாதோ அதெல்லாம் தனி ஆபத்து. அறுந்த மின்கம்பி, கேஸ் வாடை இருந்தால் கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அனுமதி கிடையாது.

உள்ளே போகலாம் என்று தெரிந்த பிறகே உள்ளே. அங்கே விரிசலைப் படிக்கத் தெரிய வேண்டும். பூச்சில் மயிரிழையாக ஓடும் கோடு பயப்பட வேண்டியதல்ல. பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் பின்னால் செங்கல் முழுதாக இருப்பது தெரியும். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள சுவரில் பெருக்கல் குறிபோல விரிசல் இருந்தால், நிலம் அந்தச் சுவரை இரு பக்கமும் மாறி மாறித் தள்ளியிருக்கிறது என்று பொருள். சுவரே பாரம் தாங்கும் பழைய வீட்டில் அது அபாய அறிவிப்பு. தூணும் உத்தரமும் பாரம் தாங்கும் கட்டடத்தில் அதே விரிசல் சற்றுக் குறைந்த கவலை. அங்கே கண் தூணுக்குப் போக வேண்டும். தூணின் தலைப்பகுதியில் கான்கிரீட் உதிர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வெளிப்பக்கம் வளைந்து புடைத்திருந்தால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. சிவப்பு ஒட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். நேற்று வரை சுலபமாகச் சாத்திய கதவு இன்று நிலையில் சிக்கினால், கட்டடம் கோணியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இவையெல்லாம் பயிற்சி பெற்ற கண் பிடித்துவிடும் விஷயங்கள். இந்த ஆய்வு எத்தனையோ பேரை விழப்போகும் கட்டடங்களிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அது பார்ப்பதெல்லாம் புதிதாக நேர்ந்த காயம். கட்டும்போதே இருந்த பலவீனம் அதற்குத் தெரியாது.

தூணுக்குள் இருந்தது

சி.டி.வி. கட்டடத்தின் தூண்கள் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தூண்கள். செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த ரிங் கம்பி 6 மில்லிமீட்டர் கனம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 250 மில்லிமீட்டர்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பி கட்டுபவர் அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். சாதாரண நாளில் தூணின் வேலை பாரத்தைக் கீழே இறக்குவது மட்டுமே. நில அதிர்வில் தூணின் தலையும் காலும் எதிரெதிர்த் திசையில் இழுபடும். அப்போது உள்ளிருக்கும் கான்கிரீட் பிதுங்கி வெளியேறப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடித்து வைப்பது ரிங்தான். ரிங் நெருக்கமாக இருந்தால் தூண் வளையும், விரிசல் விடும், ஆனாலும் பாரத்தைத் தாங்கி நிற்கும்; உள்ளே இருப்பவர்கள் ஓடி வெளியேற நேரம் கிடைக்கும். ரிங் தள்ளித் தள்ளி இருந்தால் தூண் ஒரே நொடியில் மாவாகிவிடும். இதனால்தான் நம் நாட்டின் ஐ.எஸ். 13920 தரவிதி, தூணின் மேல் கீழ் இரு முனைப் பகுதிகளிலும் ரிங்குகளுக்கு இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. ரிங்கின் நுனியைத் தூணின் உட்பக்கம் மடக்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. கான்கிரீட் போட்டுப் பூசி வர்ணமும் அடித்துவிட்டால், 250 இடைவெளித் தூணும் 100 இடைவெளித் தூணும் பார்ப்பதற்கு ஒன்றுதான்.

செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே போனவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் ஆய்வு முடிந்த ஓரிரு நாளில் மாநகராட்சியின் கட்டட அலுவலர்கள் மூவர் வந்தார்கள். அவர்களில் பொறியாளர் எவரும் இல்லை. பச்சை தொடர்ந்தது. மாத இறுதியில் கட்டடத்தின் நிர்வாகி தானே முன்வந்து ஒரு பொறியாளரை அழைத்தார். நல்ல காரியம்தான். அவர் வந்து பார்த்தார், கட்டமைப்பு வரைபடம் கையில் இல்லாமலே. கட்டமைப்பு சேதம் எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். டிசம்பர் 26இல் வலுவான பின்னதிர்வு ஒன்று வந்துபோன பிறகும் கட்டடம் திறந்தே இருந்தது.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது 1990இல் நடந்த ஒன்று. கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன அந்தக் கட்டடத்தை வாங்க ஓர் அமைப்பு முன்வந்தது. வாங்குவதற்கு முன் ஒரு பொறியியல் நிறுவனத்தைக் கொண்டு வரைபடங்களைச் சரிபார்த்தது. கட்டடத்தை நில அதிர்வில் பிடித்து நிறுத்த வேண்டிய அந்த லிஃப்ட் சுவர்க்கூட்டோடு தளங்கள் சரியாகப் பிணைக்கப்படவில்லை என்பதை நிறுவனம் காகிதத்திலேயே கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு கூடுதல் இரும்புப் பட்டைகள் வைத்து அந்தக் குறையில் ஒரு பகுதியைச் சரிசெய்தார்கள். இருபது ஆண்டு கழித்து ஆய்வுக்கு வந்தவர்கள் எவருக்கும் அந்தக் கோப்பு கிடைக்கவில்லை. நேரில் போனவர்கள் யாரும் காணாத குறையை, மேசையில் விரித்த ஒரு வரைபடம் காட்டியிருந்தது.

நியூசிலாந்து அரசு அமைத்த ராயல் கமிஷன் 2012இல் அறிக்கை தந்தது. கட்டடத்தின் வடிவமைப்பு அன்றைய விதிகளுக்கே பொருந்தவில்லை, மாநகராட்சி அதற்கு அனுமதி கொடுத்திருக்கவே கூடாது என்றது. கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் இன்னொருவரின் பொறியியல் பட்டத்தைத் தன்னுடையதென்று காட்டி வாழ்ந்தவர் என்பதும் அப்போது வெளிவந்தது. குற்ற வழக்குத் தொடரப்போவதில்லை என்று 2017இல் காவல்துறை அறிவித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நடைபாதையோடு நின்ற தடுப்பு

பச்சையால் மட்டும் உயிர் போகவில்லை. அதே நாளில் கொழும்பு வீதியில் பழைய செங்கல் கடைக் கட்டடங்களின் முகப்புச் சுவர் அப்படியே பெயர்ந்து தெருவில் விழுந்தது. சாலையில் போய்க்கொண்டிருந்த பேருந்தும் நடந்து சென்றவர்களும் அடியில் சிக்கினார்கள். 12 பேர் இறந்தார்கள். அந்த முகப்பு அபாயமானது என்பது முன்பே தெரிந்திருந்தது; முன்னால் தடுப்பும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தச் சுவர் விழுந்தால் எவ்வளவு தூரம் வந்து விழுமோ, அவ்வளவு தூரத்துக்குத் தடுப்பு நீளவில்லை. போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. உள்ளே போகாதே என்று வாசலில் எழுதி ஒட்டினால் தெருவில் போகிறவரை அது எப்படிக் காக்கும்?

அந்தப் பேருந்தில் உயிர் பிழைத்த ஒரே பயணி ஒரு பல்கலைக்கழக ஆசிரியை. தெருவை நோக்கி நிற்கும் கைப்பிடிச் சுவர்களையும் முகப்புகளையும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகச் சரிசெய்ய வேண்டும் என்று அவர் விடாமல் போராடினார். 2016இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் சேர்த்தது.

நோட்டீஸின் நிறத்தையும் நியூசிலாந்து மாற்றிவிட்டது. பச்சை என்றால் 'பத்திரம்' என்று மக்கள் மனதில் பதிந்துபோனதால் அந்த நிறமே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இப்போது அங்கே வெள்ளை நோட்டீஸ்தான். உபயோகிக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். பழைய பச்சை நோட்டீஸிலும், இது மேலோட்டமான ஆய்வுதான், முழு ஆய்வில் குறைகள் தெரியவரலாம் என்று கீழே அச்சிட்டிருந்தது. சிறிய எழுத்தில் இருந்ததை நிறம் விழுங்கிவிட்டது.

2016 நவம்பர் 14 நள்ளிரவு தாண்டியதும் கைகோரா நிலநடுக்கம் வந்தது. தலைநகர் வெலிங்டனில் கட்டிப் பத்து ஆண்டு சொச்சமே ஆகியிருந்த அரசுப் புள்ளியியல் அலுவலகக் கட்டடத்தில் தளங்களின் சில பகுதிகள் உள்ளே இடிந்து விழுந்தன. நடுநிசி என்பதால் யாரும் இல்லை. அதன் பிறகு அதே வகைத் தளங்கள் உள்ள கட்டடங்களை வெளியிலிருந்து பார்த்தால் போதாது, உறைகளைப் பிரித்து இணைப்புகளைப் பார்க்க வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு உத்தரவு போனது. அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இதுதான் எனக்குத் தெரிந்த சான்று.

நிறமும் நிவாரணமும்

நம் நாட்டில் இந்த ஆய்வுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் வீடுகளை ஜி-1 முதல் ஜி-5 வரை சேத அளவுப்படி வகைப்படுத்தினார்கள். எவ்வளவு நிதி உதவி என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது. உதவிக்கு ஓர் அளவுகோல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பைச் சொல்ல வருபவரே பணத்தையும் தீர்மானிப்பவர் என்று ஆகிவிட்டால் வீட்டுக்காரர் அவரிடம் எதைக் காட்டுவார், எதை மறைப்பார்? வீட்டை இழந்தவர் கூடுதல் உதவிக்குச் சேதத்தைப் பெரிதாகச் சொல்வார். வாடகைக்கு விட்டவரும் ஹோட்டல் நடத்துபவரும் சிறிதாகச் சொல்வார்கள். இரண்டும் மனித இயல்பு. ஆகவே இந்த இரண்டு ஆய்வுகளும் தனித்தனி ஆட்களால் தனித்தனி நாட்களில் நடக்க வேண்டும் என்பதே என் முடிவான கருத்து.

2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்தபோது நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெருக்கல் குறி. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஹோட்டல்கள். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் அங்கே 2,364 கட்டடங்களை ஆராய்ந்தது. 37 சதவீதம் பயன்படுத்தலாம், 20 சதவீதம் பயன்படுத்தக் கூடாது, 1 சதவீதம் இடிக்க வேண்டும். மீதி 42 சதவீதம் மேலும் ஆராயப்பட வேண்டும். நாம் நின்று யோசிக்க வேண்டிய எண் இந்த 42. நோட்டீஸ் முறையில் சொன்னால் இது மஞ்சள். மஞ்சள் என்பது பதில் அல்ல. பதில் இன்னும் வரவில்லை என்ற தகவல். அந்தக் குடும்பம் அடுத்த பொறியாளர் எப்போது வருவார் என்று தெரியாமல், பள்ளிக்கூடத்திலோ உறவினர் வீட்டிலோ காத்திருக்கும். காத்துச் சலித்தால் விரிசல் விட்ட வீட்டுக்கே திரும்பிவிடும். எத்தனை மஞ்சள் எத்தனை நாளில் தீர்க்கப்பட்டது என்பதை வைத்துத்தான் ஓர் ஆய்வை மதிப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலநடுக்கம் அபூர்வம்தான். ஆனாலும் 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் மையம் கொண்ட அதிர்வில் சென்னையின் அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2002இல் திருத்தப்பட்ட நில அதிர்வுத் தரவிதி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முன் எழுந்த கட்டடங்கள் நகரத்தில் எத்தனை, தரைத்தளம் முழுவதையும் காருக்கு விட்டுவிட்டு வெறும் தூணில் நிற்பவை எத்தனை என்று அந்தந்தத் தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும். பூஜிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்ததற்கு இந்தத் திறந்த தரைத்தளம் முக்கியக் காரணம்.

நமக்கு ஆண்டுதோறும் வருவது மழையும் புயலும். வெள்ளம் வடிந்த வீட்டை ஆய்வு செய்வது வேறு கலை. இங்கே சுவரைவிட அஸ்திவாரத்தைச் சுற்றிய மண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடிய நீர் அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஊறிய மண் சுவர் மழை நின்று வெயில் அடித்த பிறகுகூட விழும். சாய்ந்த காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் மண்ணும் நீரும் சேர்ந்து தள்ளும். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் அருகே நடூரில் அப்படி ஒரு சுவர் சரிந்து ஓட்டு வீடுகள் மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று குடியிருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. மழைக்காலத்துக்கு முன் ஒரு பொறியாளர் இருபது நிமிடம் அந்தத் தெருவில் நின்று பார்த்திருந்தால் போதும்.

வார்டுக்கு இத்தனை பேர் என்று பயிற்சி பெற்ற பொறியாளர் பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சியும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தயாராக வைக்க வேண்டும். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர்களும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள்; அழைத்தால் வருவார்கள். மருத்துவமனை, பள்ளி, புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றின் கட்டமைப்பு வரைபடங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்த எடுப்பில் கிடைக்க வேண்டும்.

வாசகர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வாசலில் யாராவது நோட்டீஸ் ஒட்டினால் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், உள்ளே வந்தார்களா, வெளியிலிருந்து மட்டுமா என்று படியுங்கள். அதற்குப் பிறகு மீண்டும் அதிர்ந்திருந்தால் அந்தக் காகிதம் செல்லாது. மறு ஆய்வு கேளுங்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் கட்டடத்தின் கட்டமைப்பு வரைபடப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். யாரிடமும் இல்லையென்றால் பில்டருக்கு எழுதிக் கேட்டு வாங்கி, சங்கச் செயலாளரிடம் ஒன்றும் வெளியூரில் இருக்கும் உறுப்பினர் ஒருவரிடம் ஒன்றுமாக வைத்துவிடுங்கள்.